வேலூர்ப் பக்கம் தூண்டில் படகு: வாங்குவதும் வெயிலில் காப்பாற்றுவதும், ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் ஏரிகளில் தண்ணீர் நிற்பதே வருஷத்தில் சில மாதங்கள்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிக் கோடி போகும், அதாவது உபரித் தண்ணீர் வழியும். பங்குனிக்குள் பாதி ஏரி மாடு மேயும் இடமாகிவிடும். மோர்தானா அணை, காவேரிப்பாக்கம் ஏரி மாதிரிப் பெரியவற்றில் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். ஆக, பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர் வாங்கும் படகு தண்ணீரில் மிதக்கும் நாளைவிட மொட்டை மாடியிலும் ஷெட்டிலும் கிடக்கும் நாள்தான் அதிகம். சித்திரை, வைகாசியில் இங்கே 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். படகு பராமரிப்பு என்று நாம் கேள்விப்படும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை கடல் தண்ணீரை மனதில் வைத்துச் சொன்னவை. நம் படகைக் கெடுப்பது வெயில், போர்வெல் தண்ணீர், எலி, சீமைக்கருவேல முள். எந்தப் படகு, எந்த பேட்டரி, எந்த ஃப்ரீசர் என்று முடிவு செய்யும்போது இந்த நான்கையும் முதலில் யோசியுங்கள்.

படி 1: எந்தத் தண்ணீர், யாருடைய அனுமதி

படகு பார்க்கப் போவதற்கு முன் ஏரிக்கரைக்குப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். ஊர் ஏரிகளில் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் விட்டிருப்பார்கள். குத்தகை எடுத்தவர் மீன்குஞ்சு வாங்கி விட்டிருப்பார். அவர் பணம் அந்தத் தண்ணீரில் கிடக்கிறது. அவரிடம் கேட்காமல் கரையில் உட்கார்ந்து தூண்டில் போட்டாலே சண்டை வரும், படகை இறக்கினால் கேட்கவே வேண்டாம். நேரில் போய், "அண்ணே, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவோம், பிடிக்கிற மீனுக்குக் காசு கொடுத்துடறோம்" என்று கேட்டால் பலர் சம்மதிப்பார்கள். அணைகளில் அதிகாரிகள் அனுமதி இல்லாமல் எந்தப் படகும் இறக்கக் கூடாது.

இன்னொன்றையும் விசாரியுங்கள். பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்ட நீர்நிலைகள் உண்டு. உச்ச நீதிமன்றம் 1996-லேயே இதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை சுற்றுவட்டாரத்தில் கழிவு கலக்கும் குட்டையிலோ கால்வாயிலோ பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். குழந்தைகள் சாப்பிடும் மீன், அதில் சமரசம் வேண்டாம்.

படி 2: எந்தப் படகு

காற்றடைக்கும் பிவிசி படகு, பிளாஸ்டிக் கயாக், ஃபைபர் படகு ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுப்போம். பரிசல் அழகானது, விலையும் குறைவு. ஆனால் துடுப்பைப் போட்டுத் தூண்டிலை எடுத்த உடனே சுற்ற ஆரம்பித்துவிடும். பழகின கைக்குத்தான் அது சரிப்படும்.

காற்றடைக்கும் படகின் பெரிய வசதி, மடித்துப் பையில் போட்டு வண்டியில் கட்டிக்கொண்டு போகலாம், வீட்டில் பீரோ மேல் வைக்கலாம். வாடகை வீட்டுக்காரருக்கு இதைவிடத் தோதானது இல்லை. சிக்கல் முள்தான். நம் ஏரிகளில் தண்ணீர் தேங்கும் உள்வாயில் சீமைக்கருவேலம் காடாக வளர்ந்து கிடக்கிறது. ஏரி நிரம்பும்போது அந்த மரங்கள் தண்ணீருக்கடியில் போய்விடும். ஒரு சாண் ஆழத்தில் நிற்கும் காய்ந்த கிளை கண்ணுக்குத் தெரியாது, அதன் முள் மெல்லிய ஷீட்டை ஒரே இழுப்பில் கிழித்துவிடும். அதனால் குழந்தைகள் விளையாடும் மெல்லிய வினைல் படகை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நூலிழை உள்ளே ஓடும், 0.9 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பிவிசி துணியில் செய்ததாக இருக்க வேண்டும். காற்று அறை குறைந்தது மூன்று தனித்தனியாக இருக்க வேண்டும். ஒன்று போனாலும் மற்ற இரண்டும் கரை சேர்க்கும்.

கயாக் ஹெச்டிபிஇ என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் வரும். முள்ளுக்கு அசராது, கல்லில் இழுத்தாலும் கோடு விழுமே தவிர உடையாது. விரால் பிடிக்கச் செடி கொடிக்குள்ளே நுழைகிறவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். மேலே உட்காரும் வகையை வாங்குங்கள், கவிழ்ந்தாலும் மறுபடி ஏறிக்கொள்ளலாம். ஆனால் 25, 30 கிலோ எடை, பத்தடிக்கு மேல் நீளம். மாடிப்படித் திருப்பத்தில் அது திரும்புமா என்று டேப் வைத்து அளந்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஃபைபர் படகு சொந்த இடமும், ஏற்றிப் போக வண்டியும், இரண்டு மூன்று பேர் கூட்டும் இருந்தால் மட்டும். தனி ஆளுக்கு அது பாரம்.

படி 3: பழைய படகு வாங்கினால்

காற்றுப் படகை விற்பவர் வீட்டிலேயே முழுக்கக் காற்றடைத்து, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் போய்ப் பாருங்கள். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் விரிந்த காற்று கசிவை மறைத்துவிடும். துணியைத் தடவும்போது விரலில் பிசுபிசுத்தால் பிவிசி சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மருந்து இல்லை, வாங்காதீர்கள். ஒட்டின விளிம்பை நகத்தால் நெம்பிப் பாருங்கள். மோட்டார் மாட்டும் பின்பலகை ஊறிப் போயிருக்கிறதா என்று ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள்.

கயாக்கின் நிறம் வெளுத்து, தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டினால் பல வருஷம் வெயிலில் கிடந்தது. தண்ணீர் வடியும் துளைகளைச் சுற்றி மெல்லிய விரிசல் இருக்கும், டார்ச் அடித்துத் தேடுங்கள். ஃபைபர் படகை ஒரு ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்ற சத்தம் மாறி மந்தமாகக் கேட்கும் இடத்தில் அடுக்கு பிரிந்திருக்கிறது.

படி 4: லைஃப் ஜாக்கெட்

இதற்கு ஒதுக்கும் பணத்தைப் படகு விலையில் சேர்த்தே கணக்குப் போடுங்கள். அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் வாங்குவதில்லை. ஜாக்கெட்டின் மிதக்கும் சக்தியை நியூட்டனில் குறித்திருப்பார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கு 50 நியூட்டன் போதும். நீச்சல் தெரியாதவருக்கும் குழந்தைக்கும் காலர் வைத்த 100 நியூட்டன் ஜாக்கெட். போட்டு, பட்டையை இறுக்கி, தோள்பட்டையைப் பிடித்து ஒருவர் தூக்கட்டும். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அளவு சரியில்லை. படகில் அதைத் திண்டாகப் போட்டு உட்காரும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. உள்ளே இருக்கும் ஃபோம் நசுங்கி மிதக்கும் சக்தி குறைந்துவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

2021 நவம்பரில் பாலாறு எப்படிப் போனது என்று நாமெல்லாம் பார்த்தோம். ஏரி கோடி போகும் நாளில் தண்ணீர் வழியும் கலங்கல் பக்கமோ மதகுப் பக்கமோ படகைக் கொண்டு போகவே கூடாது. இடி மின்னல் கிளம்பினால் கார்பன் ராடை (தூண்டில் கோலை) கீழே வைத்துவிட்டுக் கரைக்கு வந்துவிட வேண்டும், கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஏரி மேல் மின்கம்பி போகும் இடத்திலும் ராடைத் தூக்கி வீசாதீர்கள்.

படி 5: மோட்டாரும் பேட்டரியும்

நம் ஏரிகளுக்குப் பெட்ரோல் மோட்டார் தேவையில்லை. 12 வோல்ட்டில் ஓடும் சின்ன மின்மோட்டார், 30 பவுண்டு உந்துவிசை உள்ளது, இரண்டு பேர் உட்காரும் படகுக்குத் தாராளம். பணம் அதிகம் வீணாவது பேட்டரியில்தான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கார் பேட்டரி வேண்டாம். அது ஸ்டார்ட் செய்யும் ஒரு நொடிக்கு நிறைய கரண்ட் கொடுக்கச் செய்தது. மணிக்கணக்கில் இறக்கினால் சில மாதத்தில் செத்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர் டியூபுலர் பேட்டரி ஆழமாக இறங்கித் தாங்கும், ஆனால் எடை 50 கிலோவுக்கு மேல். ஆசிட் வேறு. ஆடும் படகில் அதை ஏற்றுவது ஆபத்து.

ஆழமாக இறக்குவதற்கென்றே செய்த டீப் சைக்கிள் வகையில், 100 ஆம்பியர் ஹவர் லெட் ஆசிட் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். 30 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் ஏறக்குறைய 30 ஆம்பியர் இழுக்கும். லெட் ஆசிட்டைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும், எனவே நமக்கு உபயோகம் 50 ஆம்பியர் ஹவர்தான். முழு வேகத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான் வரும். எடையோ 30 கிலோவை நெருங்கும். அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் (LiFePO4) பேட்டரி 12 கிலோ போலத்தான் இருக்கும், கிட்டத்தட்ட முழுக் கொள்ளளவையும் பயன்படுத்தலாம், மூன்று மணி நேரம் ஓடும். விலை கூடுதல்தான், இருந்தாலும் நான் லித்தியத்தையே சொல்வேன். காரணம், சீசன் இல்லாத மாதங்களில் அது வீட்டுக்கு உழைக்கும். 100 ஆம்பியர் லித்தியத்தில் 1280 வாட் ஹவர் இருக்கிறது. லித்தியத்துக்கு ஒத்துப்போகும் சின்ன இன்வெர்ட்டரோடு இணைத்தால் ஒரு ஃபேனும் இரண்டு எல்இடி விளக்கும் ஒரு ராத்திரி முழுக்க ஓடும். மே மாதத்துக் கரண்ட் கட்டுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை. பழைய இன்வெர்ட்டரில் லெட் ஆசிட்டுக்கான சார்ஜிங் மட்டும் இருந்தால் லித்தியத்தை அதில் மாட்டாதீர்கள். இரண்டு வகையையும் ஒன்றாகச் சேர்த்து இணைப்பதும் கூடாது.

ஒயரிங்கில் ஒரு விஷயம் கட்டாயம்: பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் சர்க்யூட் பிரேக்கர் இருக்க வேண்டும். எத்தனை ஆம்பியர் என்பதை மோட்டார் கையேட்டைப் பார்த்து வாங்குங்கள். புரொப்பெல்லரில் செடி சிக்கி மோட்டார் திணறும்போது ஒயர் எரியாமல் காப்பது அதுதான்.

ஒவ்வொரு முறை ஏரியிலிருந்து வந்ததும் புரொப்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள். நட்டைத் தளர்த்தி, புரொப்பெல்லரை உருவினால் குறுக்கே ஒரு சின்ன உலோகக் குச்சி தெரியும். அதற்குப் பின்னால், தண்டின் அடியில், யாரோ அறுத்துவிட்ட தூண்டில் நரம்பு நான்கைந்து சுற்று சுற்றிக் கிடக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. அந்த நரம்பு சுழலும்போது ரப்பர் சீலை அறுக்கும், தண்ணீர் மோட்டாருக்குள் போகும், சில வாரத்தில் மோட்டார் கருகும். கத்தி வைத்து வெட்டாமல் நுனியைத் தேடி விரலால் பிரித்து எடுங்கள், கத்தி சீலையே வெட்டிவிடும். ஐந்து நிமிஷ வேலை.

படி 6: வீட்டுக்கு வந்ததும் கழுவுவது

இங்கே போர்வெல் தண்ணீர்தான் பல வீடுகளில். குழாயைத் திறந்து, தூண்டில் நரம்பு சுற்றும் ரீலையும் படகின் காற்று வால்வையும் நனைத்து வெயிலில் வைத்தால், காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்து நிற்கும். அந்த உப்பு பேரிங்குக்குள் போனால் ரீல் கரகரவென்று சத்தம் போடும். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவு நீர் இன்னும் மோசம், குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. படகு உடம்பைப் போர்வெல் தண்ணீரில் கழுவலாம். ரீல், வால்வு, மோட்டார் இணைப்பு, ஜிப் ஆகியவற்றை மட்டும் பிடித்து வைத்த மழைத்தண்ணீரிலோ ஒரு சொம்பு ஆர்ஓ தண்ணீரிலோ நனைத்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். உப்புத் தண்ணீர் ஏரியான பழவேற்காடு பக்கம் போய் வந்தால் அன்றைக்கு ராத்திரியே இதைச் செய்ய வேண்டும், காலைவரை விடாதீர்கள்.

ரீல் பேரிங்குக்கு ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் பிசினாகிவிடும். நிறுத்தி வைக்கும்போது, நரம்பின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டிராக் திருகைத் தளர்த்தி விடுங்கள், உள்ளே வாஷர் நசுங்காமல் இருக்கும். நைலான் நரம்பை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், வெயில் பட்டது முடிச்சில்தான் அறும்.

படி 7: ஓட்டை அடைப்பது

பிவிசி படகில் கசிவு தேட சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழி வரும் இடத்தில் வட்டம் போடுங்கள். காற்றை முழுக்க இறக்கி, சமதளத்தில் விரியுங்கள். ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் வரும்படி அதே துணியில் ஒரு துண்டு வெட்டி, மூலைகளை வட்டமாக்குங்கள். கூர்மையான மூலை முதலில் கிளம்பும். இரண்டு பக்கத்தையும் மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, அசிட்டோன் தொட்ட துணியால் துடையுங்கள். இரண்டு பாகமாக வரும் பிவிசி பசையைக் கலந்து இரு பக்கமும் மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, தொட்டால் லேசாக ஒட்டும் பக்குவத்தில் அழுத்தி ஒட்டுங்கள். பூரிக்கட்டையால் நடுவிலிருந்து வெளியே உருட்டினால் காற்று தங்காது. ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள். மழைக்காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளில் இந்த வேலை வேண்டாம், பசை பிடிக்காது. ஃபெவிகுவிக், எம்-சீல் எல்லாம் கெட்டியாகி, துணி மடியும்போது விண்டுவிடும்.

ஹெச்டிபிஇ கயாக்கில் சாதாரணப் பசை எதுவும் நிற்காது. பிளாஸ்டிக் வெல்டிங் செய்பவரிடம் கொண்டு போங்கள், ஒட்டுக் குச்சியும் ஹெச்டிபிஇ-தான் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஃபைபர் படகை வீட்டிலேயே சரி செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ரெசினோடு வரும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள், வெடிக்கும். முதலில் ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே மற்றது. நம் ஊர் வெயிலில் ஹார்டனர் 1 சதவீதமே போதும், கூடினால் கிண்ணத்திலேயே இறுகி, சூடேறிப் புகையும்.

படி 8: வெயிலில் வைப்பது

காலையில் 30 டிகிரியில் 3 பிஎஸ்ஐ (டயருக்குப் பார்க்கும் அதே அழுத்த அளவு) காற்றடைத்த படகைக் கரையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறோம் என்று வையுங்கள். உள்ளே இருக்கும் காற்று 50 டிகிரிக்கு ஏறினால் அழுத்தம் 4 பிஎஸ்ஐ-யைத் தாண்டும். கறுப்பு, கரும்பச்சை நிறப் படகு இன்னும் சீக்கிரம் சூடேறும். சீம், அதாவது துணியை ஒட்டின இணைப்பு, பிளப்பது பெரும்பாலும் இப்படித்தான், தண்ணீரில் இல்லை. அதனால் நிழலில் கொஞ்சம் குறைவாக அடைத்து, தண்ணீரில் இறக்கிக் குளிர்ந்தபின் மீதியை அடையுங்கள். மதியம் கரைக்கு ஏற்றினால் முதல் வேலை வால்வைத் திறந்து கொஞ்சம் விடுவது.

கயாக்கை அடிப்பக்கம் தரையில் படும்படி வைத்தால் சூட்டில் அடி குழிந்துவிடும். பக்கவாட்டிலோ கவிழ்த்தோ, அகலப் பட்டையில் தொங்கவிட்டோ வையுங்கள். காரின் மேலே கட்டிச் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்கள், வண்டியை வெயிலில் நிறுத்தும்போது பட்டையைத் தளர்த்த வேண்டும், கிளம்பும்போது மறுபடி இறுக்க வேண்டும். தகர ஷெட் வேண்டவே வேண்டாம். படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் இருட்டு இடம்தான் வீட்டிலேயே நல்ல இடம். மாடியைத் தவிர வேறு வழியில்லை என்றால், தார்ப்பாய் படகைத் தொடாமல் ஒரு அடி உயரத்தில் கட்டுங்கள், நடுவில் காற்று ஓட வேண்டும்.

எலி மீன் வாடைக்கும் மாவு வாடைக்கும் வரும். தூண்டிலில் குத்தும் மைதா உருண்டை ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் படகைக் கடித்துவிடும். மடிப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவி, முழுக்க உலர்த்தி, மூடி உள்ள பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு வையுங்கள்.

பேட்டரிக்கு இரண்டு வகைக்கும் இரண்டு விதி. லெட் ஆசிட்டை முழு சார்ஜில் வைத்து மாதம் ஒருமுறை ஏற்ற வேண்டும், டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு எதுவும் ஊற்றக் கூடாது. லித்தியத்தைச் சும்மா வைப்பதானால் பாதி சார்ஜில், வீட்டுக்குள் குளிர்ச்சியான அறையில். சூடாக இருக்கும்போது சார்ஜ் போடாதீர்கள்.

படி 9: ஐஸ் பெட்டி, ஃப்ரீசர்

ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ், இந்த வெயிலுக்கு அதற்குக் குறையக் கூடாது. முதல் நாள் ராத்திரியே பெட்டியில் கொஞ்சம் ஐஸ் போட்டு மூடி வைத்தால் பெட்டியே குளிர்ந்திருக்கும்.

டீப் ஃப்ரீசர் வாங்குவதானால் பின்பக்க ஸ்டிக்கரில் காலநிலை வகை என்ன என்று பாருங்கள். எஸ்டி (ST) என்றால் சுற்றுப்புறம் 38 டிகிரி வரை, டி (T) என்றால் 43 டிகிரி வரை. வேலூருக்கு டி வகைதான். கண்ணாடி மூடி கடைக்கு, வீட்டுக்குக் கெட்டி மூடி. மூடியிடுக்கில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுலபமாக வந்தால் ரப்பர் சரியில்லை. உள்ளே அரை சென்டிமீட்டருக்கு மேல் பனி கட்டினால் அணைத்துக் கரைய விடுங்கள், கத்தியால் குத்தாதீர்கள். மைனஸ் 18 டிகிரியில் விரால், ஜிலேபி மாதிரிக் கொழுப்புக் குறைந்த மீன் ஆறு மாதம் ருசி கெடாமல் இருக்கும். கரண்ட் போனால் திறக்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள்தான்.

படி 10: மழைக்கு முன்

ஆடி, ஆவணி சாயங்கால மழை ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். படகில் காற்றடைத்து ஒரு நாள் நிழலில் விடுங்கள். லெட் ஆசிட் பேட்டரியை முழுக்க ஏற்றி, சில மணி நேரம் விட்டு, மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் ஏறியிருக்கிறது, மறுபடி ஏற்றியும் நிற்கவில்லையென்றால் பேட்டரி முடிந்தது. மோட்டாரை வாளித் தண்ணீரில் வைத்துக் குறைந்த வேகத்தில் சுற்றவிடுங்கள். லைஃப் ஜாக்கெட் பட்டையின் தையலை இழுத்துப் பாருங்கள், நிறம் வெளுத்த இடத்தில் நூல் உளுத்திருக்கும். ஏதாவது ஒன்று சரியில்லையென்றால் ஏரி நிரம்புவதற்குள் வரவழைக்க இரண்டு மாதம் இருக்கிறது. ஐப்பசியில் முதல் நாள் கரையை ஒட்டி, இடுப்பளவு தண்ணீரில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, வால்வு, சீம், மோட்டார் மூன்றும் சரியாக இருந்தால் நடு ஏரிக்குப் போங்கள்.